மருந்தும் உரிமமும்: தருமபுரிக் காட்டோரமும் ஆயுதச் சட்டத்தின் நீண்ட வரலாறும்

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்துக் காட்டோர ஊர்களுக்கு ஓர் அறிவிப்பு அவ்வப்போது வந்துகொண்டே இருக்கிறது. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை; தேடிப் பிடித்தால் சிறை. காவல்துறையும் வனத்துறையும் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிச் சொல்கின்றன. சிலர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். சிலர் பேர் சொல்ல அஞ்சி, பொது இடத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கொஞ்ச காலம் கழித்து அதே அறிவிப்பு மறுபடியும் வருகிறது.

இந்த அறிவிப்புக்குப் பின்னால் இருநூறு ஆண்டுச் சட்ட வரலாறு இருக்கிறது. ஆயுதம் யார் வைத்திருக்கலாம், வெடிமருந்தை யார் விற்கலாம், யார் வாங்கலாம் என்று கம்பெனி ஆட்சி தொடங்கிவைத்த கட்டுப்பாடுகள் படிப்படியாக இறுகின. விடுதலைக்குப் பிறகு உருமாறித் தொடர்ந்தன. அந்த வரலாற்றைத் தருமபுரியில் நின்று பார்ப்பதே இக்கட்டுரை.

துப்பாக்கி பெருக வேண்டும் என்று நான் வாதிட வரவில்லை. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் நாடுகளில் நடப்பதைப் பார்த்த பிறகு யாரும் அதை விரும்ப முடியாது. ஆனால், குடிமக்களிடமிருந்து ஆயுதத்தை வாங்கிக்கொள்ளும் அரசு, அந்த ஆயுதம் செய்துவந்த காவல் வேலையையும் சேர்த்தே பொறுப்பேற்கிறது. காலனி அரசு அந்தப் பொறுப்பை நிறைவேற்றவில்லை. குடியரசும் இன்னும் முழுமையாக நிறைவேற்றவில்லை.

கோட்டைகளின் சீமை

இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த பகுதியின் பழைய பெயர் பாரமகால். மைசூர் மேட்டு நிலத்துக்கும் தமிழ்ச் சமவெளிக்கும் நடுவே கணவாய்களைக் காத்து நின்ற மலைக்கோட்டைகளின் சீமை இது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 அக்டோபர் இறுதியில், மேக்ஸ்வெல் தலைமையிலான கம்பெனிப் படை பென்னாகரம் கோட்டையைப் பிடித்தது. அடுத்த சில நாட்களில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பியது. 1792 மார்ச் மாத சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாரமகாலை விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீட் கலெக்டரானார்; அவருக்குக் கீழே தருமபுரியில் தங்கி நிலவரித் திட்டம் வகுத்தவர் தாமஸ் மன்றோ.

அவர்கள் வந்து சேர்ந்தது ஆயுதம் பழகிய ஊர்களுக்கு. ஆநிரை மீட்டு மாண்டவர்களின் நடுகற்கள் இந்த மண்ணில் ஏராளம். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இன்றும் வில்லோடும் வாளோடும் வரிசையாக நிற்கின்றன. ஊரைக் காக்கும் வேலை ஊராரிடமே இருந்த காலத்தின் சான்றுகள் அவை. பின்னாளில் தலையாரியும் காவல்காரரும் அந்த வேலையைச் செய்தார்கள். மைசூர் ஆட்சியில் கந்தாச்சார் என்ற ஊர்ப்படையும் இருந்தது. திப்புவின் படை ஏவிய இரும்புக் குழாய் ராக்கெட்டுகளோ கம்பெனிக்காரர்களை உலுக்கியிருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் வுல்விச்சில் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டுகளைச் செய்தார். வெடிமருந்துக் கலை இந்த நாட்டுக்குப் புதிதல்ல என்பதைக் கம்பெனி போர்க்களத்திலேயே தெரிந்துகொண்டிருந்தது. ஆகவே நாடு கைக்கு வந்ததும் அந்தக் கலையைக் கட்டிவைப்பதில் அது முனைந்தது.

வேலும் துப்பாக்கியும் பறிபோன வழி

தென்கோடியில் இது வெளிப்படையாக நடந்தது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அடுத்த சில நாட்களிலேயே மேஜர் பானர்மேன், பாளையக்காரர்கள் கோட்டைகளை இடித்துவிட்டுத் துப்பாக்கி, ஈட்டி, வேல் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார். மருது சகோதரர்களின் போருக்குப் பிறகு, 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் இந்தத் தடையைத் தென்பாளையங்களுக்கு நிரந்தரமாக்கினார். பாளையங்களின் படை உரிமையும் ஒழிந்தது.

அந்த இடத்தை ஆங்கில ஆட்சி எதைக் கொண்டு நிரப்பியது? 1816-ஆம் ஆண்டு 11-ஆவது ஒழுங்குமுறை, ஊர் மணியக்காரரையும் தலையாரியையும் அரசின் கடைநிலைக் காவலர்களாக்கியது. 1859-ஆம் ஆண்டு 24-ஆவது சட்டம் சென்னை மாகாணத்துக்குச் சீருடைப் போலீசைக் கொண்டுவந்தது. ஊரார் செய்த காவல், சம்பளக்காரர் செய்யும் காவலாக மாறியது. மலைகளும் புதர்க்காடும் நிறைந்த சேலம் மாவட்டத்தின் வடபகுதியில் — தருமபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது — அந்தச் சம்பளக்காரக் காவல் ஊர்க் கொல்லை வரைக்கும் எட்டவே இல்லை.

1857 கிளர்ச்சி வந்ததும் சட்டம் முழு வேகம் பெற்றது. அந்த ஆண்டின் 28-ஆவது சட்டம் ஆயுதம், வெடிமருந்து ஆகியவற்றின் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை, வைத்திருக்கும் உரிமை எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டியது. நெருக்கடிக்கால ஏற்பாடாக வந்த அது, நெருக்கடி முடிந்த பிறகும் 1860-ஆம் ஆண்டு 31-ஆவது சட்டமாகத் தொடர்ந்தது. கடைசியில் லிட்டன் பிரபு காலத்தில் 1878-ஆம் ஆண்டு 11-ஆவது சட்டம், அதாவது இந்திய ஆயுதச் சட்டம், வந்தது. அதே ஆண்டில்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டமும் வந்தது. ரிப்பன் பிரபு காலத்தில் பத்திரிகைச் சட்டம் நீங்கியது. ஆயுதச் சட்டம் நீங்கவில்லை.

ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தால்

சட்டம் எவ்வளவு தூரம் உள்ளே நுழைந்தது என்பதை ஒரு நாட்டுத் துப்பாக்கியை நிரப்பும் வேலையை வரிசையாகப் பார்த்தால் தெரியும்.

முதலில் குழல். கொல்லர் உலையில் அடித்த இரும்புக் குழல், பின்புறம் அடைத்தது, மரக்கட்டையில் பூட்டியது. 1878 சட்டத்தின் 5-ஆவது பிரிவு உரிமம் இல்லாமல் ஆயுதம் செய்வதையும் விற்பதையும் தடுத்தது. முழுத் துப்பாக்கி மட்டுமில்லை, ஆயுதத்தின் உறுப்புகளும் அதைச் செய்யும் கருவிகளும்கூட ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடங்கின. அந்தச் சொல்லுக்குள் வாள், கத்தி, ஈட்டி, ஈட்டிமுனை, வில், அம்பு எல்லாம் இருந்தன. ஆகவே துப்பாக்கி செய்த கொல்லர் ஒரே நாளில் குற்றவாளியானார்.

அடுத்து மருந்து. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பேச்சில் மருந்து என்றால் கரிமருந்துதான்: வெடியுப்பு, கந்தகம், கரி. கரி எங்கும் கிடைக்கும். எருக்கஞ்செடிக் கரி இதற்கு ஏற்றது என்று பெயர் பெற்றது. வெடியுப்போ மண்ணிலிருந்து வருவது. பழைய ஊர்த்திட்டு, மாட்டுக்கொட்டில் ஆகியவற்றின் மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சி எடுப்பார்கள். உப்பிலியர் போன்ற சமூகத்தார் மண்ணுப்பும் வெடியுப்பும் காய்ச்சிப் பிழைத்தவர்கள். உப்பு வரியைக் காப்பதற்காக மண்ணுப்பு காய்ச்சுவதை அரசு அடக்கியபோது, அதே பானையில் வடியும் வெடியுப்பும் உப்புத் துறையின் உரிமத்துக்குள் போனது. உப்புக்குப் போட்ட வேலி வெடியுப்பையும் வளைத்துக்கொண்டது. கந்தகம், ஈயம், வெடியுப்பு மூன்றும் 1878 சட்டத்தின்படி நேரடியாக வெடிபொருள் ஆகா. ஆனால் அரசு அறிவிக்கை போட்டால் எந்தப் பகுதியிலும் அவற்றைப் படைத்தளவாடமாகக் கருதலாம் என்று சட்டம் இடம் வைத்திருந்தது. கடைக்காரர் தராசில் நிற்கும் பொருளை, வேண்டும்போது குற்றமாக்கும் அதிகாரம் அது.

மருந்தைக் குழலின் வாய்வழியே போட்டு, தேங்காய் நாரை அடைத்து, கம்பியால் இடித்துக் கெட்டிப்பார்கள். பிறகு ஈய ரவை. இக்காலத்தில் மிதிவண்டிக் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டு. மறுபடி நார். கடைசியில் விசைக்கு மேலே கேப்பு. அந்தக் கேப்பு சட்டத்தின் விளக்கத்தில் பெயர் சொல்லியே இடம்பெற்றது. துப்பாக்கிக் கல்லும் அடைப்புச் சுருளும்கூட வெடிபொருள் பட்டியலில் இருந்தன. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ இவற்றில் ஒன்றோ வைத்திருந்தாலே 14-ஆவது பிரிவு பாயும். 19-ஆவது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. மறைத்து வைத்ததாகத் தெரிந்தால் 20-ஆவது பிரிவில் ஏழு ஆண்டு வரை. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் மருந்தைச் செய்வது, வைத்திருப்பது, விற்பது, வண்டியேற்றுவது ஒவ்வொன்றையும் தனித்தனி உரிமத்துக்குள் கொண்டுவந்தது.

குறிபார்த்துச் சுட்டால் விழும் மானும் பன்றியும் எங்கே நிற்கின்றன? 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் ஒதுக்கிய காட்டில். ஆக, அடைப்பு நாரைத் தவிர, கொல்லன் உலையிலிருந்து கொல்லைப் பன்றி வரைக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சட்டம் நின்றது. ஊரிலிருந்து கால்நடையாகவோ வண்டியிலோ சேலம் போய் மனுப்போட வேண்டியிருந்த குடியானவருக்கு உரிமம் எட்டாக் கனி. துப்பாக்கி ஒழியவில்லை. கூரைக்குள்ளும் புதருக்குள்ளும் போய் ஒளிந்துகொண்டது.

யாருக்கு விலக்கு

இந்தச் சட்டம் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தியிருந்தால் அதை அமைதி காக்கும் சட்டம் என்று ஏற்றுக்கொண்டிருக்கலாம். 1878 சட்டத்தின் 27-ஆவது பிரிவு, யாருக்கு வேண்டுமானாலும் விலக்குத் தரும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. அதன்படி ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர், அமெரிக்கர், அர்மேனியர் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். இந்தியர்களில் சமஸ்தான மன்னர்களும் பெரும் ஜமீன்தார்களும் பட்டம் பெற்றவர்களும் பட்டியலில் சேர்ந்தார்கள். ஆபத்து துப்பாக்கியில் இல்லை, அதைப் பிடிக்கும் கையின் நிறத்தில் இருக்கிறது என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள். இனத்தை வைத்துத் தந்த விலக்கு 1920-ல்தான் நீங்கியது.

காவிரியின் தலைப்பகுதியான குடகில் நடந்தது இன்னொரு விதம். 1861-ல் ஆணையர் மார்க் கப்பன் குடகர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார். கம்பெனிக்குக் காட்டிய விசுவாசத்துக்கான பரிசு அது. அந்த விலக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. 2019-ல் மத்திய அரசு அதைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது. அதே காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஒகேனக்கல் கரையில், குடகரைப் போலவே காட்டோடு வாழ்ந்தவர்களுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. சித்தேரி மலையின் மலையாளிப் பழங்குடிகளும் பென்னாகரக் காட்டோரத்துக் குடிகளும் கேட்கவும் முடியாதவர்களாக இருந்தார்கள்.

இந்த ஏற்றத்தாழ்வை ஒரு வேட்டைக்காரரின் எழுத்திலேயே காணலாம். பெங்களூரில் வாழ்ந்த ஸ்காட்லாந்து வழிவந்த கென்னத் ஆண்டர்சன் பென்னாகரக் காடுகளில் வேட்டையாடியவர். 1954-ல் வெளிவந்த அவருடைய முதல் நூலிலேயே பைரா என்ற காட்டுப் பூசாரி வருகிறார். அந்தக் காட்டை ஆண்டர்சனைவிட நன்றாக அறிந்தவர், அவருக்கு வழிகாட்டி. ஆனால் ஒருவர் கையில் இருந்த ரைஃபிள் வேட்டைக்காரரின் அடையாளம். மற்றவர் கையில் இருந்த பழந்துப்பாக்கி கள்ளவேட்டையின் சாட்சி. ஆண்டர்சன் பைராவை அன்போடும் மதிப்போடும் எழுதுகிறார். சட்டத்தில் அந்த மதிப்புக்கு இடம் இல்லை.

உலகம் முழுவதும் ஒரே கணக்கு

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய கதை அல்ல. மாவோரிகளோடு போர் மூண்ட நியூசிலாந்தில் 1845-ல் ஆயுத இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1890-ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கையில் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி, ஆப்பிரிக்காவில் வட அட்சம் 20-க்கும் தென் அட்சம் 22-க்கும் இடைப்பட்ட பரப்பில் துப்பாக்கி, மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்தின. அடிமை வாணிகத்தை ஒழிப்பது ஒரு நோக்கமாக இருந்தது; எதிர்க்க வலுவற்ற நாடுகளை வைத்துக்கொள்வதும் கூடவே நடந்தது.

லிட்டனின் சட்டம் வந்த அதே 1878-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் காலனி, ஆப்பிரிக்கரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. பசூட்டோ மக்கள் கொடுக்க மறுத்தார்கள். 1880–81-ல் மூண்ட சண்டைக்குத் துப்பாக்கிப் போர் என்றே பெயர். முடிவில் அவர்கள் துப்பாக்கியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். கண்டங்கள் வேறானாலும் ஆள்பவர்களின் கணக்கு ஒன்றுதான்: விற்பனையை அடைத்தால் எதிர்ப்பு அடைபடும்.

எதிர்த்தவர்கள் சொன்னவை

1887 டிசம்பரில் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரசின் மூன்றாவது மாநாடு, ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. தொடக்ககால மிதவாதிகள் வைத்த வாதம் இரண்டு: சட்டம் இந்தியரின் விசுவாசத்தின்மீது பூசிய களங்கம், கொள்ளையரிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் காத்துக்கொள்ள முடியாமல் மக்களைக் கைகட்டி நிறுத்துகிறது. இரண்டாவது வாதம்தான் தருமபுரி போன்ற இடங்களின் உண்மைப் பாடு. ஆனால் மேடைகளில் முதல் வாதமே ஓங்கி ஒலித்தது.

அகிம்சையின் தலைவரான காந்தியும் இந்தச் சட்டத்தை மன்னிக்கவில்லை. 1918-ல் கேடாவில் படைக்கு ஆள் சேர்த்தபோது வெளியிட்ட துண்டறிக்கையில், ஆங்கில ஆட்சி செய்த தீங்குகளில் மிகக் கொடியதாக வரலாறு இதையே எண்ணும் என்று எழுதினார். ஆயுதம் வைத்திருப்பவன் அதை வேண்டாம் என்று கீழே வைப்பதில்தான் அறம் இருக்கிறது. பறிகொடுத்தவன் சும்மா இருப்பதில் அறம் இல்லை. அவர் எண்ணத்தை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். 1931 கராச்சி மாநாட்டின் அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது.

அரசோ ஆயுதத்தையும் சொல்லையும் ஒன்றாகவே அஞ்சியது. முசாபர்பூர் குண்டுவீச்சுக்குப் பிறகு, 1908 ஜூன் 8 அன்று வெடிபொருள் குற்றச் சட்டமும் பத்திரிகைகளை அடக்கும் இன்னொரு சட்டமும் ஒரே நாளில் நிறைவேறின. அடுத்த மாதம் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ராஜத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். சிவா ஆயுதம் தொட்டவர் அல்லர், மேடையில் பேசியவர். சிறையில் பற்றிய தொழுநோயோடு வெளியே வந்து, கடைசியில் தருமபுரிச் சீமையின் பாப்பாரப்பட்டியில் பாரத மாதா ஆசிரமம் கண்டு, 1925 ஜூலை 23 அன்று அங்கேயே மறைந்தார். சட்டத்தின் ஓட்டையைப் பயன்படுத்தியவர்கள் வேறு வழி போனார்கள்: 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. புரட்சியாளர்கள் துப்பாக்கி பழகியது ஆங்கிலச் சட்டம் எட்டாத பிரெஞ்சுப் புதுச்சேரியில். துணிந்தவருக்கு வழி கிடைத்தது. கொல்லையைக் காக்க நினைத்த குடியானவருக்கே கிடைக்கவில்லை.

குடியரசின் கையில் பழைய சாவி

அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் ஆயுத உரிமையை அடிப்படை உரிமையாக்கத் திருத்தம் கொண்டுவந்தார். சபை ஏற்கவில்லை. பிரிவினையின் ரத்தம் காயாத நேரத்தில் அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1878 சட்டத்தை நீக்கியது. வாள், ஈட்டி, வில் போன்றவற்றுக்குப் பொதுவாக உரிமம் தேவையில்லை என்று தளர்த்தியது. 13-ஆவது பிரிவில் இன்னொரு முக்கியமான செய்தி இருக்கிறது: உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி நிரப்பும் துப்பாக்கி கேட்பவருக்கு உரிமம் தர வேண்டும். 1887-ல் சென்னையில் எழுந்த குறைக்கு வந்த நேரடிப் பதில் அது.

ஆனால் உரிமம் என்ற சாவி அதே கலெக்டர் அலுவலகத்தில்தான் இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் துப்பாக்கி பயிர்க்காவலின் கருவியாக இருப்பது பெரும்பாலும் முடியாமல் போனது. வீரப்பன் காலம் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. 1993 ஏப்ரல் 9 பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். 2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுடப்படும்வரை, காட்டோர ஊரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே விசாரணைதான். அந்த விசாரணைகளில் ஏழைக் குடிகள் பட்ட பாட்டை இந்த மாவட்டம் மறக்கவில்லை.

துப்பாக்கி போன இடத்தில் என்ன வந்தது? பழத்துக்குள் மருந்து வைத்த அவுட்டுக்காய் வந்தது. பன்றிக்கு வைத்ததை யானைக் குட்டியும் கடிக்கும், மாடும் கடிக்கும். கள்ள மின்வேலி வந்தது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே ஒரே வேலியில் மூன்று யானைகள் மின்சாரம் பாய்ந்து இறந்தன. இரண்டு குட்டிகள் தாயின்றி நின்றன. சத்தம் போட்டுச் சுடுவதைவிடச் சத்தமில்லாமல் கொல்வது கொடுமையாக முடிந்தது. 2025-ல் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று ஆணையிட்டது. காவல் வேலையை அரசே ஏற்கும் முயற்சி என்ற வகையில் அது வரவேற்கத்தக்கது. கடலையும் மரவள்ளியும் போட்டவர் கூப்பிட்ட இரவில் ஆள் வந்தால்தான் அது முழுமையாகும்.

மருந்து உயிர் குடிக்கும் இடம்

சட்டத்தின் இன்னொரு பாதி இன்று நம்மை அதிகம் வருத்த வேண்டியது. ஆட்சிக்கு ஆபத்து வராமல் பார்ப்பதோடு விபத்தைத் தடுப்பதும் 1884 சட்டத்தின் வேலையாக இருந்தது. ஆனால் உரிமம் கொடுப்பதும் பார்ப்பதும் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடுகின்றன. 2023 மார்ச்சில் நாகதாசம்பட்டிப் பட்டாசுக் கிடங்கில் இரண்டு பெண்கள் இறந்தார்கள். 2025 பிப்ரவரியில் கம்பைநல்லூர் அருகே மூன்று பெண்கள். 2023 அக்டோபர் 7 அன்று கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடை எரிந்தபோது இறந்தவர்களில் பலர் அரூர் பக்கத்து அம்மாபேட்டை இளைஞர்கள். தீபாவளிக்கு முன் நாலு காசு சேர்க்கப் போனவர்கள், படித்துக்கொண்டிருந்தவர்கள்.

ஒரு பிடி கரிமருந்தைக் கூரையில் ஒளித்தவரைத் தேடிப் பிடிக்கும் அரசு, டன் கணக்கில் மருந்து அடுக்கிய கிடங்குக்குள் கூலி வேலை செய்பவரை எத்தனை முறை போய்ப் பார்க்கிறது? காலனி அரசு மருந்தைப் பார்த்தபோது அதில் கிளர்ச்சியைக் கண்டது. குடியரசு அதே மருந்தைப் பார்க்கும்போது அதைக் கையாளும் பெண்ணைக் காண வேண்டும்.

செய்ய வேண்டியவை

நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது நியாயம்தான். பழுதான குழல் வெடித்துச் சுட்டவரே கையிழப்பதுண்டு. குடிபோதையிலும் குடும்பச் சண்டையிலும் அது மனிதர்மீது திரும்புவதுண்டு. ஆனால் வெறும் அச்சுறுத்தலோடு வாங்கினால் இன்னொன்று உலையில் அடிபடும். துப்பாக்கியை வாங்கும் அதே கூட்டத்தில், பயிர் அழிந்தால் எத்தனை நாளில் இழப்பீடு கைக்கு வரும் என்று வனத்துறை எழுதிக் கொடுக்க வேண்டும். பன்றி விரட்டும் குழு எந்த எண்ணில் கிடைக்கும் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அகழியும் முறையான சூரிய மின்வேலியும் சிறு விவசாயிக்கும் எட்ட வேண்டும். கொல்லருக்கு மாற்றுப் பிழைப்பு வேண்டும். பட்டாசுக் கிடங்குகளைத் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் நேரில் போய்ப் பார்த்து, உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையை உரிமத்தோடு ஒப்பிட வேண்டும்.

1801-ல் ஆயுதத்தை வாங்கிய ஆட்சி மக்களை நம்பவில்லை. அதனால் பதிலுக்கு எதையும் தர வேண்டியதாக நினைக்கவில்லை. நாமே தேர்ந்தெடுத்த அரசு அப்படி இருக்க முடியாது. துப்பாக்கியைக் கேட்கும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. அந்தத் துப்பாக்கி காத்துவந்த கொல்லையையும் உயிரையும் தானே காக்க வேண்டிய கடமை, அதே அதிகாரத்தின் மறுபாதி.